இரண்டு கட்டடம், இரண்டு எர்த்

(ஊர்ப்புற நூலக வாசகர் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வீட்டில் இருக்கும் இணையத்தைத் தோட்டத்தில் இருக்கும் தனிக் கட்டடத்துக்கு எப்படிக் கொண்டுபோவது என்பதுதான் இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள். சின்ன விஷயமாகத் தோன்றலாம். ஆனால் நம் ஊர்களைச் சுற்றிப் பாருங்கள். வீட்டுக்குப் பின்னால் ஒரு தறிக்கூடம் இருக்கிறது. கிணற்றோரம் மோட்டார் அறை இருக்கிறது. பழைய நெல் களஞ்சியத்தைச் சுத்தம் செய்து, மேலே தகரம் மாற்றி, மருமகள் அதில் தையல் யூனிட் நடத்துகிறார். மாட்டுக் கொட்டகையை ஒட்டிய அறையில் உட்கார்ந்து ஒரு பெண் சென்னைக் கம்பெனிக்குக் கணக்கு எழுதுகிறாள். 2020-இல் ஊரடங்கு வந்தபோது வீட்டிலிருந்தே வேலை என்று ஆரம்பித்தவர்களில் பலர் இன்னும் அப்படியே தொடர்கிறார்கள். அவர்களுக்கு வேண்டியது கதவைச் சாத்திக்கொண்டு உட்கார ஓர் அறை. அந்த அறை பெரும்பாலும் வீட்டுக்கு வெளியே, நாற்பது ஐம்பது மீட்டர் தள்ளித்தான் கிடைக்கிறது. அங்கேதான் சிக்னல் எட்டுவதில்லை.

இந்த ஐம்பது மீட்டரைக் கடப்பதற்கு ஆளாளுக்கு ஒரு வழி சொல்வார்கள். நான் சொல்ல வந்தது ஒன்றுதான். இரண்டு தனித்தனிக் கட்டடங்களுக்கு நடுவே தாமிரக் கம்பி இழுக்காதீர்கள்; கண்ணாடி இழை போடுங்கள். அதை மண்ணுக்கடியில், குழாய்க்குள், ஒரே முறை ஒழுங்காகப் போடுங்கள். ஏன் என்பதைப் படிப்படியாகச் சொல்கிறேன்.

முதலில் வைஃபை. எல்லோரும் முதலில் செய்வது, ரௌட்டரை ஜன்னல் ஓரமாக நகர்த்தி வைப்பது. அதுவும் போதவில்லை என்றால் ஒரு ரிப்பீட்டர் வாங்கி நடுவில் மாட்டுவது. கணக்கு என்ன சொல்கிறது என்று பாருங்கள். தூரம் இரண்டு மடங்கானால் வந்து சேரும் ரேடியோ சக்தி நான்கில் ஒரு பங்காகக் குறையும். ரௌட்டரிலிருந்து 5 மீட்டரில் இருப்பவர் 10-க்கு, 20-க்கு, 40-க்கு நகர்ந்தால் மூன்று முறை இரட்டிப்பு; சக்தி 64-இல் ஒரு பங்கு. இது வெட்டவெளிக் கணக்கு. நடுவில் ஒன்பது இஞ்ச் செங்கல் சுவர் இரண்டு, ஈரம் சொட்டும் தென்னை ஓலைகள், கொட்டகையின் தகரம் என்று வந்தால் கணக்கு இன்னும் மோசமாகும். தகரம் ரேடியோ அலையை உள்ளே விடாமல் திருப்பி அனுப்பிவிடும். அதோடு, பேச்சு இருவழிப் பாதை. ரௌட்டர் சொல்வது கைபேசிக்குக் கேட்டாலும், கைபேசியின் சிறு ஆன்டெனா பதில் சொல்வது ரௌட்டருக்குக் கேட்க வேண்டுமே? திரையில் இரண்டு கோடு தெரிகிறது, பக்கம் மட்டும் திறக்கவில்லை என்று சொல்வதன் காரணம் பல நேரங்களில் இதுதான். சாதாரண ரிப்பீட்டரோ, வந்த செய்தியை அதே அலைவரிசையில் மறுபடி ஒலிபரப்புகிறது. அதனால் வேகம் பாதியாகிவிடும். வீட்டுக்குள் மாடி அறைக்கு அது பரவாயில்லை. இன்னொரு கட்டடத்தில் நாள் முழுக்கத் தொழில் செய்பவருக்கு உதவாது.

ஆக, கம்பி வேண்டும் என்ற முடிவுக்கு வருகிறோம். கடையில் கேட்டால் கேட் சிக்ஸ் கேபிள் தருவார்கள். அதை நான் குறைத்துப் பேச மாட்டேன். அருமையான பொருள். உறையைச் சீவிப் பார்த்தால் உள்ளே எட்டுக் கம்பிகள், இரண்டிரண்டாக முறுக்கிய நான்கு ஜோடிகள்: ஆரஞ்சு, பச்சை, நீலம், பழுப்பு. ஒவ்வொரு ஜோடியின் முறுக்கும் ஒரே அளவில் இருக்காது. ஒன்று நெருக்கமாக, இன்னொன்று தளர்வாக இருக்கும். வெளியிலிருந்து வரும் மின் இரைச்சல் இரண்டு கம்பியிலும் சமமாக ஏறி, மறுமுனையில் கழிந்துபோக வேண்டும் என்பதற்காக முறுக்கியிருக்கிறார்கள். தொலைபேசியைத் தந்த அலெக்சாண்டர் கிரகாம் பெல் இந்த முறுக்குக்கு 1881-இல் காப்புரிமை பெற்றார். 1973-இல் ஜெராக்ஸ் ஆய்வுக்கூடத்தில் ராபர்ட் மெட்காஃப் ஈதர்நெட்டுக்கு வித்திட்டபோது தடித்த கோஆக்சியல் கேபிளில்தான் ஓடியது. 1990-வாக்கில் அது இந்த முறுக்குக் கம்பிக்கு மாறிய பிறகே வீடுகளுக்கும் அலுவலகங்களுக்கும் எளிதாக வந்து சேர்ந்தது.

தூர எல்லை 100 மீட்டர். சுவருக்குள் நிலையாக ஓடுவது 90, இரண்டு முனையிலும் கருவியோடு இணைக்கும் பேட்ச் கார்டு என்ற சிறு கேபிள்களுக்கு 10. அந்த எல்லைக்குள் கேட் ஃபைவ் ஈ கேபிளே நொடிக்கு 1 கிகாபிட் கொண்டுபோகும். நம் கொட்டகை 50 மீட்டரில்தானே இருக்கிறது, பாதித் தூரம்தானே, ஏன் கூடாது என்று நீங்கள் கேட்பீர்கள். தூரத்தை மட்டும் பார்த்தால் உங்கள் கேள்வி நியாயம்.

தடை மண்ணில் இருக்கிறது. வீட்டுக்கு ஓர் எர்த் குழி உண்டு. தனிக் கொட்டகைக்கு ஒழுங்காக ஒயரிங் செய்திருந்தால் அதற்கென்று தனியாக ஓர் எர்த் குழி உண்டு. சாதாரண நாளில் இரண்டு குழிகளும் ஏறக்குறைய ஒரே மின்னழுத்தத்தில் இருக்கும். இடி விழும்போது அப்படி இருக்காது. ஒரு மின்னல் வீச்சில் பாயும் மின்னோட்டம் சாதாரணமாகவே 30,000 ஆம்பியர் அளவில் இருக்கும். உங்கள் எர்த் குழியின் மின்தடை 5 ஓம் என்று வையுங்கள், நல்ல குழிதான். பள்ளியில் படித்த ஓம் விதிப்படி பெருக்கிப் பாருங்கள்: 1,50,000 வோல்ட். அந்த ஒரு கணத்துக்கு வீட்டு எர்த் அந்த உயரத்துக்கு ஏறி நிற்கிறது. கொட்டகை எர்த் அப்படி ஏறவில்லை. உயரத்தில் ஒரு தொட்டி, தாழ்வில் ஒரு தொட்டி, இரண்டுக்கும் நடுவே ஒரு குழாய் வைத்தால் தண்ணீர் என்ன செய்யுமோ, அதையே மின்சாரமும் செய்யும். நீங்கள் இழுத்த கேபிள்தான் அந்தக் குழாய்.

நேராக வீட்டின் மேல் விழ வேண்டும் என்பதில்லை. பக்கத்துத் தென்னையில் விழுந்தாலும் மண்ணுக்குள் மின்னழுத்தம் பரவும். அருகிலிருக்கும் குழிக்கு அதிகம், தள்ளியிருக்கும் குழிக்குக் குறைவு. ஈதர்நெட் கருவிகளின் நுழைவாயிலில் ஒரு சிறு டிரான்ஸ்ஃபார்மர் காவல் இருக்கிறது. 1,500 வோல்ட் வரை தாங்க வேண்டும் என்பது அதற்கான விதி. மேலே சொன்ன ஒன்றரை லட்சத்தில் நூறில் ஒரு பங்கு வந்தாலே அந்த வரம்பைத் தொட்டுவிடும். சித்திரை, வைகாசியில் கோடை மழையோடு வரும் இடியையும், ஐப்பசி மழையின் இடியையும் ஆண்டுதோறும் பார்க்கிற நமக்கு இது ஏட்டுக் கணக்காக இருக்க முடியாது. மழை விட்ட காலையில் ரௌட்டர், ஸ்விட்ச், கேமரா ரெக்கார்டர், கம்ப்யூட்டரின் நெட்வொர்க் போர்ட் எல்லாம் சேர்ந்து போயிருந்தால், இரு கட்டடங்களுக்கு நடுவே தொங்கும் கேபிளைத்தான் முதலில் பார்க்க வேண்டும். கருவி போனால் வாங்கிக்கொள்ளலாம். அந்த நேரத்தில் கேபிளில் கை வைத்திருக்கும் மனிதர்களை நினைத்துத்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

இப்போது கண்ணாடிக்கு வருவோம். கண்ணாடியில் மின்சாரம் ஓடாது. இந்த ஒரு குணத்துக்காகவே நம் ஐம்பது மீட்டருக்கு அதுவே உரியது. 1966-இல் சார்லஸ் காவோ, ஜார்ஜ் ஹாக்கம் என்ற இருவர் இங்கிலாந்தில் ஒரு கட்டுரை எழுதினார்கள். கண்ணாடிக்குள் ஒளி மங்குவதற்குக் காரணம் அதில் கலந்திருக்கும் அசுத்தம்தான். தூய்மைப்படுத்தினால் ஒளியைக் கிலோமீட்டர் கணக்கில் அனுப்பலாம் என்று காட்டினார்கள். 1970-இல் அமெரிக்காவின் கார்னிங் நிறுவனத்தில் மாரர், கெக், ஷுல்ட்ஸ் என்ற மூவர் அப்படிப்பட்ட இழையைச் செய்துகாட்டினார்கள். காவோவுக்கு 2009-இல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. அன்று ஆய்வுக்கூடத்தில் இருந்த பொருள் இன்று நம் தெருவில் மின்கம்பத்திலிருந்து மரத்துக்கும், மரத்திலிருந்து மொட்டை மாடிக்கும் தொங்குகிறது. ஊர்க் கேபிள்காரர் கறுப்பு நிறத்தில் தட்டையாக இழுக்கிறாரே, அந்த டிராப் ஒயருக்குள் இருப்பது அந்த இழைதான். மீட்டர் விலையில் அது நல்ல தாமிரக் கேபிளைவிடக் குறைவு.

இதைக் கொட்டகைக்கு எப்படிப் பயன்படுத்துவது? மீடியா கன்வெர்ட்டர் என்று ஒரு சிறு பெட்டி இருக்கிறது. ஒரு பக்கம் ஈதர்நெட் போர்ட், மறுபக்கம் ஃபைபர் போர்ட். வீட்டில் ஒன்று, கொட்டகையில் ஒன்று. வீட்டுப் பெட்டியைச் சின்ன பேட்ச் கார்டால் உங்கள் ரௌட்டரின் லேன் போர்ட்டில் மாட்டுங்கள். நடுவே ஒரே ஓர் இழை. அதில் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் பேச முடிவது எப்படி? ஒரு பெட்டி 1310 நானோமீட்டர் ஒளியில் அனுப்பி 1550-இல் கேட்கிறது; மற்றது 1550-இல் அனுப்பி 1310-இல் கேட்கிறது. ஆகவே வாங்கும்போது ஏ ஒன்று, பி ஒன்று என்று ஜோடியாகக் கேட்டு வாங்க வேண்டும். இரண்டும் ஏ ஆக இருந்தால் விளக்கு எரியாது. 20 கிலோமீட்டர் என்று எழுதிய பெட்டி நம் வேலைக்குப் போதும். 80 கிலோமீட்டர் பெட்டி உயர்ந்தது என்று நினைத்து வாங்காதீர்கள். அதன் ஒளி நெடுந்தூரத்துக்கானது. ஐம்பது மீட்டரில் எதிர்ப்பக்க உணரியைத் திணறடித்துவிடும்.

கேபிள் வாங்கும் இடத்தில் ஒரு முக்கியமான எச்சரிக்கை. டிராப் ஒயரில் இழையின் இரு பக்கமும் பலத்துக்காக இரண்டு குச்சிகள் ஓடும். சில வகைகளில் அது எஃகுக் கம்பி. கம்பத்திலிருந்து தொங்கவிடுகிற வகையில் தனியாக இன்னொரு எஃகுக் கம்பியும் ஒட்டியிருக்கும். அதைக் கொண்டுவந்து இரு கட்டடத்தையும் இணைத்தால், கண்ணாடி போட்டும் இரும்பு வழியாக மின்னலுக்குப் பாதை போட்டவர்களாவோம். எஃப்.ஆர்.பி. குச்சி உள்ளதா என்று கேளுங்கள். நுனியை வெட்டிப் பாருங்கள்: எஃகு மின்னும், காந்தத்தில் ஒட்டும், எஃப்.ஆர்.பி. வெளிறிய நிறத்தில், கண்ணாடிநாரும் பிசினும் சேர்ந்த குச்சியாக இருக்கும். இந்தச் சோதனைக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது.

அடுத்தது பள்ளம். இந்த வேலை முழுவதிலும் பணமும் உழைப்பும் அதிகம் போகிற இடம் இதுதான், அதனால் இதில் அவசரம் வேண்டாம். ரோட்டவேட்டர் அரை அடி வரை மண்ணைப் புரட்டும். உளிக்கலப்பை ஒன்றரை அடி ஆழம் வரை இறங்கும். ஆகவே குறைந்தது இரண்டு அடி ஆழம் வேண்டும். உழவு ஓடும் இடத்தில் இரண்டரை அடி. ஒரு இஞ்ச் கறுப்பு எச்.டி.பி.இ. ஹோஸை ஒரே சுருளாக, நடுவில் ஜாயின்ட் இல்லாமல் போடுவது சிறந்தது. பி.வி.சி. போட்டால் திருப்பங்களில் எல்போ வைக்கக் கூடாது, நீள பெண்ட் வைக்க வேண்டும். தண்ணீருக்கு எல்போ சரி. எல்போவின் கூர்மையான முடக்கில் இழுக்கும்போது கண்ணாடி நொறுங்கும். டிராப் ஒயரில் வழக்கமாக வரும் இழையை 10 மில்லிமீட்டர் ஆரம் வரை வளைக்கலாம், அதற்குக் கீழே கூடாது. 230 வோல்ட் லைன் பக்கத்தில் ஓடினால் ஒரு அடி இடைவெளி விடுங்கள். குழாயை மூடுவதற்கு முன்னால் உள்ளே இரண்டு நைலான் கயிறு விடுங்கள். ஒன்று இன்றைக்கு இழுக்க, இன்னொன்று நாளைக்கு யாராவது இன்னொரு கேபிள் இழுக்க. முக்கால் பள்ளம் மூடியதும் மஞ்சள் எச்சரிக்கை டேப் ஒன்றைப் பரப்புங்கள். பத்து ஆண்டு கழித்து வாழைக்குக் குழி தோண்டுகிறவரின் கடப்பாரையை அது நிறுத்தும்.

குழாயின் இரண்டு வாயையும் தரைக்கு மேலே கொண்டுவந்து கீழ்நோக்கி வளைத்து, புட்டி வைத்து அடைத்துவிடுங்கள். அடைக்காத வாய் வழியாக எலி உள்ளே போகும், பெருச்சாளி நுனியைக் கடிக்கும், எறும்பு கூடு கட்டும். எவ்வளவு அடைத்தாலும் மண்ணுக்கடியில் இருக்கும் குழாய்க்குள் ஈரம் வியர்த்துத் தேங்கும். ஆகவே குழாய்க்குள் போனாலும் வெளிப்புறக் கேபிளையே வாங்க வேண்டும். இரண்டு முனையிலும் இரண்டு மூன்று மீட்டர் உபரியைச் சுருட்டி வையுங்கள். என்றாவது முனை உடைந்தால் வெட்டிப் புதிதாகச் செய்ய அது உதவும்.

முனை செய்வதை நம் ஊரிலேயே செய்கிற தம்பிகள் இருக்கிறார்கள். அவர்கள் வேலையைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறீர்களா? கறுப்பு உறையைப் பிளந்து, குச்சிகளை ஒதுக்கி, இழையின் மேல் இருக்கும் வண்ணப் பூச்சைச் சீவி எடுப்பார்கள். மிஞ்சுவது 125 மைக்ரான் கண்ணாடி, ஒரு மில்லிமீட்டரில் எட்டில் ஒரு பங்கு. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் துடைக்கும்போது கீச்சென்று ஒரு சத்தம் கேட்கும். சுத்தமாகிவிட்டது என்று அர்த்தம். கிளீவரில் வைத்து நுனியைச் செங்குத்தாக வெட்டி, ஸ்ப்ளைசிங் மெஷினில் கனெக்டரோடு வரும் இன்னோர் இழையின் நுனிக்கு எதிரெதிராக வைப்பார்கள். திரையில் இரண்டு நுனியும் பெரிதாகத் தெரியும். மெஷின் அவற்றை நேர்க்கோட்டில் நிறுத்தி, இரு மின்முனைகளுக்கு நடுவே ஒரு பொறியை மூட்டி உருக்கி ஒட்டும். இழப்பு 0.02 டெசிபெல் என்று திரையில் எழுத்து வரும். 0.1-க்கு மேல் வந்தால் மறுபடி வெட்டி ஒட்டச் சொல்லுங்கள், நல்ல வேலைக்காரர் தானாகவே அதைச் செய்வார். உடைந்த கண்ணாடித் துணுக்குகளைத் தரையில் விடாமல் மூடியுள்ள டப்பாவில் போட வேண்டும். குழந்தையின் காலில் ஏறினால் கண்ணுக்கே தெரியாது. கனெக்டரில் பச்சையும் நீலமும் உண்டு. பச்சையின் முகம் 8 பாகை சாய்வானது, நீலத்தின் முகம் நேரானது. பச்சையை நீலத்தோடு மாட்டக் கூடாது. ஒளி ஓடும் இழையின் நுனியைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்க்கவும் கூடாது. அந்த ஒளி நமக்குத் தெரியாது, ஆனால் கண்ணைப் பாதிக்கலாம்.

கொட்டகைக்கு இணைப்பு வந்துவிட்டது. அங்கே பழைய ரௌட்டர் ஒன்றை வைப்பார்கள். பிழை இங்கேதான் நடக்கிறது. இணையம் உள்ளே வருவதற்கென்று இருக்கும் அதன் வேன் போர்ட்டில் கேபிளை மாட்டினால் கொட்டகைக்குள் தனி நெட்வொர்க் உருவாகிவிடும். இணையம் வரும், ஆனால் வீட்டிலிருந்து தேடினால் கொட்டகை பிரிண்டர் தெரியாது, கேமரா கிடைக்காது. அதை ஆக்சஸ் பாயின்ட் மோடுக்கு மாற்றுங்கள். அந்த வசதி இல்லாத ரௌட்டர் என்றால் கருவிகளுக்கு முகவரி வழங்கும் டி.எச்.சி.பி.-யை அணைத்து, வீட்டு ரௌட்டரோடு மோதாத ஒரு முகவரி கொடுத்து, கேபிளை லேன் போர்ட்டில் மாட்டுங்கள். வைஃபை பெயரும் கடவுச்சொல்லும் இரண்டு இடத்திலும் ஒன்றாகவே இருக்கட்டும். 2.4 கிகாஹெர்ட்ஸில் வீட்டுக்குச் சேனல் 1 என்றால் கொட்டகைக்கு 6 அல்லது 11 வையுங்கள்.

தாமிரமே கூடாதா என்றால், கூடும் இடமும் உண்டு. வீட்டுச் சுவரை ஒட்டியே எழுப்பிய அறை, வீட்டு மெயின் போர்டிலிருந்தே மின்சாரம், அதே எர்த் என்றால் கேட் சிக்ஸ் தாராளமாகப் போடலாம். தூய தாமிரமா என்று மட்டும் பாருங்கள். அலுமினியத்தின் மேல் தாமிரம் பூசிய சி.சி.ஏ. கேபிள் தரநிலைக்குள் வராதது. பள்ளம் தோண்டவே முடியாத பாறை நிலம், நடுவில் அடுத்தவர் காடு என்றால் 5 கிகாஹெர்ட்ஸ் பாலம் இருக்கிறது: இரண்டு கூரையிலும் ஒருவரையொருவர் நோக்கும் ஆன்டெனாக்கள். 2018-இல் இந்த அலைவரிசையின் பெரும்பகுதிக்கு உரிமம் தேவையில்லை என்று இந்திய அரசு அறிவித்துவிட்டது. 100 மீட்டர் தூரத்துக்கு நடுவழியில் நேர்க்கோட்டைச் சுற்றி ஒரு மீட்டருக்குச் சற்று மேல் தடையில்லாத இடைவெளி இருப்பது நல்லது. ஒரு தென்னை மட்டை குறுக்கே வளர்ந்தாலும் வேகம் விழும். கூரை உச்சியில் உலோகக் கம்பம் நட்டு அதிலிருந்து தாமிரக் கேபிளை வீட்டுக்குள் இறக்குகிறோம் என்பதையும் மறக்காதீர்கள். அங்கே சர்ஜ் அரெஸ்டரும் ஒழுங்கான எர்த்தும் கட்டாயம். மின்கம்பி வழியாகவே இணையம் அனுப்பும் பவர்லைன் அடாப்டரை மோட்டார் அறைக்கு நான் சொல்ல மாட்டேன். அந்த அறைக்கு வழக்கமாகத் தனி இணைப்பு, தனி மீட்டர். போதாததற்கு மோட்டாரின் இரைச்சல் வேறு.

நிறைவாக ஒன்று. கிராமங்களுக்குக் கண்ணாடி இழை கொண்டுபோகும் தேசியத் திட்டத்துக்கு 2011-இல் ஒப்புதல் கிடைத்தது. இன்று அதன் பெயர் பாரத்நெட். தமிழ்நாட்டில் அது 12,525 ஊராட்சிகளை இலக்காக வைத்தது. ஊராட்சி வரைக்கும் அரசு, வீட்டு வாசல் வரைக்கும் கேபிள்காரர். வாசலிலிருந்து தறிக்கூடத்துக்கும் தையல் அறைக்கும் போகிற கடைசி ஐம்பது மீட்டர் நம் பொறுப்பு. அந்த ஐம்பது மீட்டர் சரியில்லாததால் கூடத்துச் சத்தத்துக்கு நடுவே காதைப் பொத்திக்கொண்டு மீட்டிங்கில் பேசுகிற பெண்களை, பரீட்சைக்குப் படிக்க இடமில்லாத பிள்ளைகளை நாம் எல்லோரும் அறிவோம். கட்டடம் இருக்கிறது, கதவு இருக்கிறது, மின்விசிறிகூட இருக்கிறது. இணைப்பு மட்டும்தான் இல்லை.

ஆகவே இங்கே வந்திருக்கும் கொத்தனார், பிளம்பர், எலக்ட்ரீஷியன் அனைவரிடமும் நான் கேட்டுக்கொள்வது இது. அடுத்த முறை தண்ணீர்க் குழாய்க்கோ கரன்ட் லைனுக்கோ ஒரு வீட்டில் பள்ளம் தோண்டினால், மண்ணை மூடுவதற்கு முன்னால் வீட்டுக்காரரைக் கூப்பிடுங்கள். அதே பள்ளத்தில், அந்த ஓர் அடி இடைவெளி விட்டு, வெறும் ஒரு இஞ்ச் ஹோஸும் ஒரு கயிறும் போட்டு வையுங்கள் என்று சொல்லுங்கள். அன்றைக்கு அதன் செலவு மிகச் சொற்பம். மூடிய மண்ணை மறுபடி தோண்டத்தான் செலவு பெரிது.